பேரேட்டின் கடைசிப் பக்கங்கள்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு வருஷங்களை மூன்று மூன்றாக எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். புருஷன் கொண்டுவிற்கப் போனால் ஒரு கணக்கு என்பது மூன்று வருஷம். ரங்கூனோ, பினாங்கோ, சைகோனோ, எந்த ஊர்க் கடையாக இருந்தாலும் கணக்கு முடித்து, ஐந்தொகை போட்டு, அடுத்து வருகிறவர் கையில் பெட்டியடியை ஒப்படைத்த பிறகுதான் ஊருக்குக் கப்பல். வந்தால் சில மாதம் இருப்பார்கள். கோயில், கல்யாணம், துட்டி என்று அந்த மாதங்களும் ஓடிவிடும். பிறகு அடுத்த கணக்கு. பெண்கள் கூடப் போகிற வழக்கம் பெரும்பாலும் கிடையாது.

என் பெற்றோருக்கு 1935-ல் கல்யாணம். ஆத்தாளுக்குப் பதினைந்து வயது, அப்பச்சிக்கு இருபது. கழுத்துரு பூட்டிய சில வாரங்களில் அப்பச்சி பர்மாவில், பெகுவில் ஒரு செட்டியார் வட்டிக்கடைக்கு அடுத்தாளாகப் பயணம் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். 1938-ல் திரும்பினார். 1939 தொடக்கத்தில் மறுபடி போனார். அந்தக் கணக்கும் முடியப்போகிற நேரத்தில், 1941 டிசம்பர் 23 அன்று, ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டான். கல்யாணமாகி ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை அவர்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்த காலத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது.

யுத்தம் பிரித்து வைத்த குடும்பங்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வீட்டில் யுத்தம்தான் சேர்த்து வைத்தது. கடை போய், வைப்புப் பணம் போய், ஆறு வருஷச் சம்பாத்தியமும் போன பிறகுதான் எங்கள் அப்பச்சியும் ஆத்தாளும் புருஷன் பெண்டாட்டியாக வாழத் தொடங்கினார்கள். நான் பிறந்தது 1943-ல். எண்பது கடந்த வயதில் இதை எழுதுவதற்குக் காரணம், பெரிய வீட்டைப் பாகம் பிரித்தபோது எங்கள் பங்குக்கு வந்த சில பொருள்கள். அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லக்கூடியவள் இனி நான் ஒருத்திதான்.

முதலில் கடிதங்கள். ஆத்தா முடைந்த ஒரு கொட்டானில் அவை இருந்தன. அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் பனையோலையில் கொட்டான் முடைவதும் அதற்கு மணி கோத்த மூடி போடுவதுமாகவே பகற்பொழுதைக் கழித்தார்கள். காத்திருந்த பெண்களின் கைவேலை அது. இப்போது அதைக் கடைகளில் அழகாக அடுக்கி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை வெறும் மத்தியானங்கள் இருந்தன என்றுதான் எனக்குத் தோன்றும்.

கடிதங்கள் எல்லாம் ஐயாவுக்கு, அதாவது அப்பச்சியைப் பெற்றவருக்கு, எழுதியவை. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், பிறகு கடை நிலவரம், நெல் விலை, யார் வந்தார், யார் போனார். 1937 ஏப்ரலில் பர்மாவை இந்தியாவிலிருந்து தனி நாடாகப் பிரித்தார்கள். அதை அடுத்துக் கொஞ்ச காலம் வந்த உறைகளில் ராஜா தலை போட்ட இந்தியத் தபால்தலை மேலேயே பர்மா என்று அச்சடித்திருக்கும். பெண்டாட்டிக்குத் தனிக் கடிதம் எழுதுவது அப்போது கூச்சமான காரியம். எழுதினாலும் பயனில்லை, ஆத்தாளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கடிதம் வந்தால் சின்ன அப்பச்சி பட்டாலையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். வீடே கேட்கும். இரண்டாம் கட்டில் கதவுக்குப் பின்னால் நின்று ஆத்தாளும் கேட்பாள்.

ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு வரி உண்டு. பின்கட்டில் வைத்த பவளமல்லி எப்படி இருக்கிறது, பூக்கிறதா என்று கேட்டிருப்பார். அது ஆத்தா வாழவந்த புதிதில் கிணற்றடியில் ஊன்றிய கன்று. வீட்டில் எல்லோரும் பிள்ளைக்குச் செடி கொடி மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டார்கள். பதில் எழுதும்போது சின்ன அப்பச்சி உள்ளே பார்த்து, “அண்ணமிண்டி, பவளமல்லிக்கு என்ன எழுதட்டும்?” என்று கேட்பாராம். “நல்லாப் பூக்குதுன்னு எழுதுங்க” என்பாளாம் ஆத்தா. ஆறு வருஷம் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அடுத்தது ஒரு மங்குக் குவளை. வெள்ளை, நீல விளிம்பு, பாதிக்கு மேல் பூச்சு பெயர்ந்து இரும்பு தெரிகிறது. பெகுவிலிருந்து காரைக்குடி வரை அப்பச்சியோடு வந்தது அது.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகும் அவர் உடனே புறப்படவில்லை. முதலாளியின் கடையை விட்டுவிட்டு வர மனமில்லை. பிப்ரவரியில் கடையைப் பூட்டி, பெட்டகச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு, புரோநோட்டுகளை மெழுகுத்துணியில் சுற்றி வயிற்றோடு இறுக்கிக்கொண்டு, ஒரு பேரேட்டையும் மூட்டையில் வைத்து வடக்கே ரயிலேறினார். மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தபோது அவர் மாந்தளையில் அகதி முகாமில் இருந்தார். மலைப்பாதையில் தண்ணீரும் சோறும் போதாது என்று சர்க்கார் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே விட்டது. முகாமில் காலரா. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு வழி, இந்தியர்களுக்கு ஒரு வழி என்று பிரித்து அனுப்பினார்கள் என்று காங்கிரஸ்காரர்கள் அப்போது கொதித்துப்போனார்கள். மோனிவாவிலிருந்து சிந்துவின் ஆற்றில் படகு, கலேவாவில் இறங்கி தமு வரை காட்டுவழி நடை, பிறகு மலை ஏறி இம்பால், அங்கிருந்து மணிப்பூர் ரோடு ஸ்டேஷன். அந்த ஆண்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடலிலும் காட்டிலுமாகப் பர்மாவை விட்டு வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம்.

வழியைப் பற்றி அப்பச்சி எங்களிடம் பேசியதில்லை. ஒன்றே ஒன்று சொல்வார். தமுவுக்கு முன்னால் ஒரு ஓடைக்கரையில், நடக்க முடியாமல் படுத்துவிட்ட ஒரு தெலுங்குக் கூலிக்காரருக்கு இந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்தாராம். குடித்துவிட்டு அவர் குவளையைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாராம். கொஞ்ச நேரத்தில் இவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

இங்கே ஊரில் பிப்ரவரிக்குப் பிறகு கடிதம் இல்லை. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. பட்டணத்துச் சொந்தக்காரர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்க, வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் எங்கள் பக்கத்து வீடுகள் நிறைந்துவிட்டன. அந்தக் கூட்டத்துக்குச் சோறு வடித்துக்கொண்டே ஆத்தா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மே மாதக் கடைசியில் முகப்பில் ஒருவர் வந்து நின்றார். தாடி, எலும்பு, காய்ச்சல். பிச்சைக்காரர் என்று நினைத்து வேலைக்காரப் பெண் கூழ் கொண்டுவந்தாள். அப்பத்தாள்தான் குரலைக் கேட்டு ஓடிவந்து அழுதாளாம்.

காய்ச்சல் விடவில்லை. காட்டில் பிடித்த மலேரியா. மார்ச்சில் ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் உலகத்துக் கொய்னாவில் பெரும்பங்கு அதோடு போயிற்று. நீலகிரியில் சர்க்கார் சின்கோனாத் தோட்டம் இருந்தும் ஊருக்குள் கொய்னா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஆத்தா நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்தாள். கூட்டுக் குடும்பத்தில் பகலில் புருஷனோடு பேசுவது மரியாதை இல்லை என்று இருந்த வீட்டில், நோயாளியைக் கவனிக்கிறாள் என்ற ஒரே காரணத்தால் அவள் நாள் முழுக்க அவர் அறையில் இருக்க முடிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்து நடக்கத் தொடங்கிய அன்று அவர் முதலில் போனது கிணற்றடிக்கு. அங்கே செடி இல்லை.

“பவளமல்லி எங்கே?” என்றாராம்.

“அது நீங்க ரெண்டாவது கணக்குக்குப் போன வருஷமே பட்டுப்போச்சு.”

“பூக்குதுன்னு எழுதச் சொன்னியே.”

“நீங்க கேட்டீங்க. வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க, அத்தனை பேருக்கு நடுவுல?”

இதை ஆத்தா எனக்குச் சொன்னபோது அவளுக்கு எழுபது வயது. சொல்லும்போதே முகம் சிவந்துபோயிற்று.

இனி பேரேடு. நீளவாக்கில் கட்டிய கனமான புத்தகம், சிவப்புத் துணி அட்டை. அப்பச்சி ஊர் வந்து சேர்ந்ததும், படுக்கையில் விழுவதற்கு முன்னால், புரோநோட்டுகளையும் பேரேட்டையும் சாவியையும் முதலாளி வீட்டில் கொண்டுபோய் ஒப்படைத்தார். முதலாளி நோட்டுகளை எடுத்துக்கொண்டார். பாதிக்கு மேல் எழுதாமல் கிடந்த பேரேட்டைத் தள்ளி, “இதில் இனிமே எழுதறதுக்கு என்ன இருக்கு, நீயே வச்சுக்க” என்றாராம். சாவியையும் வேண்டாம் என்று விட்டார். பெட்டகம் பெகுவில் இருக்கிறது, பெகு ஜப்பானிடம் இருக்கிறது.

அந்தப் பேரேட்டில் எழுதியிருந்த முன்பக்கங்களைப் பற்றி நான் சொல்லாமல் போகக்கூடாது. 1930-ல் பர்மாவில் நகரத்தார், அதாவது செட்டியார்களின், கடைகள் 1,600-க்கும் மேல். கீழ்ப் பர்மாவின் காடு திருத்திய நெல்வயல்களில் பெரும்பகுதி அந்தக் கடன் பணத்தில் விளைந்ததுதான். 1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937-ல் நூற்றுக்கு இருபத்தைந்து ஆகியிருந்தது. அப்பச்சியின் அழகான கையெழுத்தில் அந்தப் பேரேட்டில் வரிசையாக இருப்பவை பர்மியக் குடியானவர்களின் பெயர்கள். கோ, மவுங், மா என்று தொடங்கும் பெயர்கள். அசல், வட்டி, பாக்கி. சில பெயர்களுக்கு எதிரே நிலம் பற்று என்று எழுதிக் கோடு போட்டிருக்கும். எங்கள் வீட்டுத் தேக்குத் தூண்களுக்கும் இந்தக் கோடுகளுக்கும் உறவு உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள், அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. அப்பச்சியும் மறைக்கவில்லை. “அவங்க நிலத்தை நாம எழுதி வாங்கினோம், நம்மளை அவங்க ஊரு வெளியே தள்ளுச்சு” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பின் பர்மிய சர்க்கார் நிலங்களையெல்லாம் தேசவுடைமை ஆக்கியது. 1964-ல், நெ வின் ஆட்சியில், மிச்சமிருந்த இந்தியர்களிலும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அப்பச்சி வயிற்றோடு கட்டிக் காட்டைத் தாண்டிக் கொண்டுவந்த நோட்டுகளில் ஒன்றுகூடக் காசாகவில்லை.

பேரேட்டின் எழுதாத பக்கங்களில் நடந்தது வேறு. அறையில் படுத்திருந்த மாதங்களில் அப்பச்சி ஆத்தாளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். யுத்த காலத்தில் காகிதப் பஞ்சம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே நோட்டு கிடைக்காது. கையில் இருந்த வெற்றுத்தாள் இந்தப் பேரேடு ஒன்றுதான். பாக்கி எழுத வேண்டிய பத்தியில் அ, ஆ. பற்று எழுத வேண்டிய பத்தியில் அவர் எழுதிக் காட்டிய எழுத்துக்குக் கீழே அவளுடைய கோணல் எழுத்து. பத்துப் பக்கம் தள்ளி ஒன்பது நகரக் கோயில்களின் பெயர்கள். பிறகு வீட்டுச் சாமான் பட்டியல்: உப்பு, புளி, மிளகாய், சீமெண்ணெய் என்று எழுதி, சீமெண்ணெய்க்கு எதிரே கிடைக்கவில்லை என்று இருக்கிறது. பர்மா அரிசி வரத்து நின்று, 1943-ல் அரிசிக்கு ரேஷன் வந்த நாட்கள் அந்தப் பட்டியலிலேயே தெரியும். நான் பிறந்த தேதியும் நட்சத்திரமும் அவள் கையெழுத்தில் ஒரு மூலையில் இருக்கிறது.

ஒரு பக்கத்தில் மட்டும் தலைப்பிலிருந்து அடிவரை ஒரே பெயர். அப்பச்சியின் பெயர். சாகும்வரை ஆத்தா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டு ஆபீஸில் கேட்டால்கூட என்னைப் பார்ப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவள் இருபத்திரண்டு வயதில், யாருமில்லாத அறையில், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெயரை எழுதி எழுதி ஒரு பக்கத்தை நிரப்பியிருக்கிறாள். அடியில் அப்பச்சி சிவப்பு மையில் ‘சரி’ என்று போட்டிருக்கிறார். என் பெற்றோரின் காதலுக்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

சில வருஷங்களுக்கு முன் வீட்டை விற்பதென்று பங்காளிகள் முடிவு செய்தார்கள். பங்கு பங்காகப் பிரிந்து, ஓடு மாற்றக்கூட யாரும் காசு போட முடியாத நிலை. வேறு வழி இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன், வருத்தத்தோடுதான். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீடுகளில் பல, தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே காலை உணவுக்குக் கவுனி அரிசி தருகிறார்கள். பர்மாவிலிருந்து அப்பச்சிமார் கொண்டுவந்து, கல்யாண வீட்டில் மட்டும் பொங்கிய கருப்பரிசி, இப்போது உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் விற்கிறது.

சாமான்களை எடுக்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி வந்தார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். ஆத்தாளின் கல்யாணச் சீரில் பரப்பிய மங்குச் சாமான்களை, ஒருநாள்கூடப் புழங்காமல் அறையில் அடுக்கி வைத்திருந்தவற்றை, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நல்ல விலை சொன்னார். அப்பச்சியின் குவளையை எடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். “பூச்சு போயிடுச்சுங்க ஆச்சி, இது போகாது.” பேரேட்டைத் திறந்ததும் அவர் கண் விரிந்தது. பர்மாக் கணக்கு, பெகு விலாசம், வருஷம் எல்லாம் தெளிவாக இருக்கிறது, இதை வாங்க ஆள் உண்டு என்றார். பின்பக்கம் வரை புரட்டியவர் முகம் கொஞ்சம் வாடியது.

“யாரோ குழந்தை கிறுக்கியிருக்கு. இந்தப் பக்கங்களை மட்டும் பதமா எடுத்துட்டு மறுபடி தைச்சா, இன்னும் கூடவே தரலாம்.”

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கையெழுத்து யாருடையது என்று சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். தட்டிப் பார்த்த பாத்திரங்களுக்குப் பேசிய விலையை மாற்றாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐயாவின் கைப்பெட்டியைக் காலி செய்தபோதுதான் இன்னொரு தாள் கிடைத்தது. அது இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. யுத்தம் முடிந்து மலேயாவில் கடைகள் மறுபடி திறந்தபோது, பழைய முதலாளி அப்பச்சியைப் பினாங்குக் கடைக்குக் கேட்டார். ஐயாவுக்குச் சம்மதம். வீட்டில் வருமானம் இல்லை, மூன்று வருஷம் கண்ணை மூடினால் போயிற்று என்பது அவர் எண்ணம். அப்பச்சி தகப்பனார் பேச்சைத் தட்டுகிறவர் இல்லை. அப்போது அப்பச்சி போகாமல் மதுரையில் ஒரு மில்லில் கணக்கு எழுதப் போனார், எங்களையும் கூட்டிக்கொண்டு போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஐயா மனம் மாறியது எதனால் என்று யாரும் சொன்னதில்லை.

பேரேட்டிலிருந்து கிழித்த தாள் அது, பற்று வரவுக் கோடுகள் தெரிகின்றன. ஆத்தாளின் கையெழுத்து. பிள்ளையார் சுழி, சிவமயம், மாமனாருக்கு நமஸ்காரம். அதன் கீழே, அவர்கள் பினாங்குக்குப் போவதானால் நானும் பிள்ளையும் கூடப் போகிறோம், தனியாக அனுப்ப எனக்குச் சம்மதமில்லை, தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டியது என்று எழுதியிருக்கிறாள். மாமனார் எதிரில் நின்று பேசாத பெண், பக்கத்து அறையில் இருந்த மாமனாருக்குக் கடிதம் எழுதிக் கைப்பெட்டி மேல் வைத்திருக்கிறாள். ஐயா அதைக் கிழித்துப் போடவில்லை. மடித்து, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தார். அவரைக் கண்டிப்பானவர் என்று மட்டும் நினைத்து வளர்ந்த எனக்கு, அவர் மேல் புதிதாக ஒரு பாசம் வந்துவிட்டது.

மதுரையில் எங்களுக்கு இருந்தது இரண்டு அறை, ஒரு தாழ்வாரம். முன்வாசலில் ஆத்தா ஒரு பவளமல்லி வைத்தாள், அது மரமாகவே நின்றது. வீட்டுக் கணக்கை அவள்தான் எழுதினாள். மாதக் கடைசியில் அப்பச்சி சரிபார்ப்பார், சில மாதங்களில் அவர் கூட்டலில் இவள் தப்புக் கண்டுபிடிப்பாள். என் தம்பிக்கு 1970-களில் துபாயில் வேலை கிடைத்தபோது, சம்பளம் என்ன என்று ஆத்தா கேட்கவில்லை. “அவளுக்கு எப்ப டிக்கெட்?” என்றாள். குடும்பத்தை அழைத்துப் போக அந்தக் கம்பெனியில் இடமில்லை என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தம்பிக்கு அப்போது மனத்தாங்கல். பிறகு திருச்சியில் வேலை பார்த்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு நன்றாகவே இருந்தான்.

இப்போது என் பேத்திக்கு ஜெர்மனியில் வேலை. அவளுக்கு விசா வந்துவிட்டது, அவள் புருஷனுக்கு வரவில்லை. நீ முன்னால் போ, அவன் பின்னால் வரட்டும், தினம் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாமே என்று என் மகள் உட்பட எல்லோரும் சொன்னார்கள். பேத்தி ஆத்தாளின் அந்தத் தாளை என்னிடம் வாங்கிப் படித்தாள். கோடு போட்ட தாளில் பற்றுப் பத்தியிலிருந்து வரவுப் பத்திக்கு வழிந்து ஓடும் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மறுநாள், இருவருக்கும் விசா வந்த பிறகே சேருவேன் என்று அந்தக் கம்பெனிக்கு எழுதிவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நானும் சொல்லியிருக்கிறேன்.